மழைக்குள் கேட்ட கிரகணம்

தொல்தேன்,
டிசம்பர் 17, 2020

அன்பு மகள் ஐலினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், முட்டை போட மனசே வராத நம் கோழிகளும் சுகம். அந்தக் கோத்தன்பர்க் குளிரில் நீயும், பேர் சொல்ல என் நாக்கு வளையாத உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க மாதா துணை இருக்கட்டும்.

கிரகணம் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தாய். பார்க்கவில்லையடி, கேட்டோம். சிரிக்காதே, சொல்கிறேன். கொரோனாவில் படுத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினதிலிருந்து உன் அப்பா தூர தேசத்து ஆட்களோடு மைக்கில் பேசுகிற தன் ரேடியோ அறைப் பக்கமே போகவில்லை, மைக்கைப் பிடித்தால் நாலு வார்த்தைக்கு ஒரு இருமல், "பேச ஆளு இருக்கு ஓர்தென்சியா, எனக்குத்தான் காத்து இல்ல" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த நிலைமையில்தான் கிரகணம் பார்க்கவென்று சாந்தியாகோவிலிருந்து வலேஸ்கா என்று ஒரு பெண் வந்து நம் வாடகை அறையில் தங்கினாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற நாளிலிருந்தே இதற்காகக் காத்திருந்தவளாம். அன்று காலையில் எழுந்தால் கொட்டோ கொட்டென்று மழை, வானம் சாம்பல் பூசின மாதிரி. பாவம், சுடச்சுடப் பொரித்த சொப்பைப்பியா ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். உன் அப்பாவுக்கு அது பொறுக்குமா, சட்டென்று "அழாத பொண்ணே, பாக்க முடியலன்னா என்ன, உன் காதால கேக்க வெக்கறேன்" என்று சொல்லிவிட்டார். சூரியன் செத்துப் பிழைக்கிற நேரத்தில் வெளியே நிற்கக்கூடாது என்று எங்கள் அடுப்படியில் வந்து ஒதுங்கியிருந்த பக்கத்து வீட்டுச் செகுந்தோ விடுவானா, "அப்படியே அது என்ன மணம்னும் காட்டிருப்பா எலியோ, மோந்து பாத்துக்கறேன்" என்று உன் அப்பாவைச் சீண்டினான்.

அப்பா சொன்ன விஷயம் இதுதான். நம் தலைக்கு வெகு மேலே, மேகத்துக்கெல்லாம் மேலே, வெயில் பட்டுப்பட்டு உண்டாகிற ஒரு அடுக்கு இருக்கிறதாம், தூரத்து ரேடியோ அலைகளைப் பகலில் அது தின்றுவிடும். ராத்திரியில் அது கரைந்துபோவதால் அலை இன்னும் உயரே போய் முட்டித் திரும்பி வருமாம், அதனால்தான் மலைக்கு அந்தப்பக்கம் அர்ஜென்டினாக்காரன் பேசுவது இருட்டினால் மட்டும் நமக்குக் கேட்கிறது. கிரகணம் பட்டப்பகலிலேயே அந்த அடுக்கைக் கொஞ்ச நேரம் கலைத்துவிடும், கீழே மழை பெய்தால் மேலே இருப்பதற்கு என்ன என்றார். எல்லாம் சரி, ஆனால் ஏரியல் கம்பி குளிர்காலக் காற்றில் அறுந்து கிடக்கிறது, அவரால் ஏற முடியாது, செகுந்தோவுக்கு இடுப்பு பிடித்திருக்கிறது, ஆகவே ஏணி வைத்து ஓட்டுமேல் ஏறினது உன் அம்மாதான். திட்டாதே, வலேஸ்கா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

ரேடியோவை அடுப்படிக்கே தூக்கி வந்து வைத்தோம். இரைச்சல்தான், எண்ணெயில் எதையோ பொரிக்கிற மாதிரி. நடுமதியம் மளமளவென்று இருட்டியது, கோழிகள் கூட்டுக்குள் போய்விட்டன, நாங்கள் ரேடியோவைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தோம். ஒன்றும் வரவில்லை. வெளிச்சமும் திரும்ப ஆரம்பித்துவிட்டது. "போயிட்டு வரேன், சூரியனே வந்துடுச்சு, உன் ஆளைத்தான் காணோம்" என்று செகுந்தோ எழுந்தான். அப்பா முகம் சுருங்கியதே, அதைப் பார்க்காமல் இருக்க நான் விறகைக் கிளறினேன். அந்தச் சமயத்தில் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், முதலில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, பிறகு பக்கத்தில் நிற்கிற மாதிரி. அப்பா மேஜையைத் தட்டினார், "நிழல் இப்பதான்டா மலையைத் தாண்டுது! அலை வர்ற வழி அங்கதான இருக்கு, அத யோசிக்காம விட்டுட்டேனே!" அர்ஜென்டினாவில், அந்த ரேடியோ அறிவிப்பாளன் நின்ற இடத்தில், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்ததாம். "வருது, வருது, மேற்கே கறுத்துட்டு வருது, நாயெல்லாம் ஊளையிடுது, ஐயோ ஜனங்களே, கறுத்த சூரியனச் சுத்தி வெளிச்சமா ஒரு மோதிரம், மோதிரம்!" என்று கத்துகிறான், கத்திக்கொண்டே அழுகிறான். வலேஸ்கா என் கையைப் பிடித்த பிடியில் விரல் சிவந்துபோனது, கண்ணை மூடிக்கொண்டு அவன் சொன்னதையெல்லாம் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மெத்தை விளம்பரம் போட்டார்களே, அந்தப் பாவிகளை என்ன சொல்வது! செகுந்தோ முதற்கொண்டு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம், மெத்தை விலை சொல்லி முடிக்குமுன் குரல் தேய்ந்து, திரும்பவும் இரைச்சல். அப்பா சிரித்ததில் இருமல் வந்து, இருமலோடேயே சிரித்தார்.

வலேஸ்கா போகும்போது அப்பா கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள், எனக்கொன்றும் பொறாமை இல்லை. அன்றிலிருந்து தினம் கொஞ்ச நேரம் மைக்கில் உட்காருகிறார், மூச்சு வாங்கினால் எதிர்முனையில் பேசுகிறவன் காத்திருக்கிறான், அதற்கென்ன. நேற்றுச் சாப்பிடும்போது, ஐலின் ஊர்ல எப்ப இருட்டும் என்று கேட்டார், இந்த மாசம் அங்கே முக்கால்வாசி நேரமும் இருட்டுதானாமே என்றேன். கசுவேலா சூப் குடித்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார்.

ஆகவே கண்ணு, உன் தெருப்பக்கம் கூரைமேல் கம்பி கட்டியிருக்கிற வீடு ஏதாவது தெரிந்தால் கூச்சப்படாமல் கதவைத் தட்டு, கையில் ஒரு கேக்கோடு போ, அவர்கள் மைக்கில் நீ பேசினால் இங்கே அப்பா காதில் விழும். கம்பளிக் காலுறையை மறக்காதே. நூறு வயசு நிறைவாக இருங்கள் இருவரும்.

உன் அம்மா,
ஓர்தென்சியா