வீட்டில் யாராவது படித்த புத்தகம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன். நீங்கள் நலமா? போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று திட்டாதீர்கள். நாம் பேசும்போது பின்னாலிருந்து உங்கள் தம்பி "சாவி எங்க வெச்சே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், எனக்கு அந்த வாரமே போச்சு. அதனால்தான் உங்கள் ஆஸ்பத்திரி முகவரிக்கு எழுதுகிறேன்.

கண்ணாடிக் கடையில் புது வேலை பரவாயில்லை. "இந்த வரியைப் படிங்க, இப்போ தெளிவா இருக்கா, இல்ல இப்பவா?" என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்கிறேன். அறைக்கு வந்தால் எனக்கு ஒரு வரி ஓடுவதில்லை. ஐந்து வருஷம் பழகி, இரண்டு வீட்டிலும் பேசி முடித்த பிறகு, "உன் மேல ஒரு குறையும் இல்ல, எனக்குத்தான் மனசு வரல" என்று சொல்லிவிட்டுப் போனார் உங்கள் தம்பி. குறை ஏதாவது சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டையாவது போட்டிருப்பேன்.

உங்களிடம்தான் வீடு நிறையப் புத்தகம் இருக்கிறதே, ஏதாவது அனுப்புங்கள். காதல் கூடாது. கல்யாணம் கூடாது. மழையில் யாரும் யாருக்காகவும் காத்து நிற்கக் கூடாது. நாய் சாகக் கூடாது.

நீங்கள் வைத்த பெயரோடு,
பட்டாசு
(இப்போதைக்கு நமுத்துப்போனது)


மார்ச் 9

என் பட்டாசுக்கு,

நீ வேண்டாம் என்றதையெல்லாம் கழித்துப் பார்த்தால் என் அலமாரியில் மிஞ்சுவது ரயில் கால அட்டவணைதான். அதற்குப் பதில் ஒரு துப்பறியும் நாவல் அனுப்புகிறேன். கொலை மட்டும்தான், பயப்படாதே. எக்ஸ்ரே அறையில் இந்த வாரம் மூச்சுவிட நேரமில்லை. உலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வழுக்கி விழுகிறார்கள்.

நமக்குள் ஓர் ஒப்பந்தம். நீ அவனைப் பற்றிக் கேட்காதே, நானும் சொல்லமாட்டேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்கே தெரியும். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கொலை மட்டும்தான் என்றீர்கள். கொலையானவனுக்கு ஒரு காதலி இருக்கிறாள். அவன் சட்டைகளை அடுக்கிக்கொண்டே போலீசுக்குப் பதில் சொல்கிறாள். அழுது தீர்த்தேன். ஆனாலும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். புதிதாக எதுவும் வாங்கி அனுப்ப வேண்டாம். வீட்டில் யாராவது படித்த புத்தகமாகவே அனுப்புங்கள். அதுதான் எனக்கு ஓடுகிறது. காரணம் கேட்காதீர்கள்.

பட்டாசு


மார்ச் 26

கண்ணு,

கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகும் மறுபடி படித்த ஒரே ஆள் நீதான். இந்தத் தடவை தேனீ வளர்க்கிற ஒருவர் எழுதியது. தேனீக்களுக்குள் காதல் இருந்தாலும் நமக்கு என்ன புரியப்போகிறது. சீக்கிரம் பதில் போடு. உன் கடிதம் வராத வாரம் எனக்கு எப்படியோ இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

ஒப்பந்தத்தை மீறுகிறேன், மன்னித்துவிடுங்கள்.

அந்தத் துப்பறியும் நாவலில் சில பக்கங்களின் கீழ் மூலை சின்னதாக, உள்பக்கமாக, இரண்டு மடிப்பு மடிந்திருந்தது. ஊரில் எல்லோரும் மேல் மூலையை மடிப்பார்கள். கீழ் மூலையை அப்படி மடிக்கிறவர் எனக்குத் தெரிந்து உங்கள் தம்பி ஒருவர்தான். "புத்தகத்தோட காதைத் திருகாதீங்க" என்று எத்தனை தடவை சண்டை பிடித்திருக்கிறேன். எனக்கு வரப்போகிறது என்று தெரிந்து, எனக்கு முன்னால் அவர் படிக்கிறார்.

தேனீப் புத்தகத்திலும் அதே மடிப்பு. தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பிப் போன பிறகும் அந்த மனிதர் காலிப் பெட்டியை எடுக்காமல் தோட்டத்திலேயே விட்டுவைக்கிறாரே, அங்கே படிப்பதை நிறுத்தியிருக்கிறார் உங்கள் தம்பி. அதற்கு மேல் படிக்க முடியாமல் அழுதிருப்பார். எனக்குத் தெரியாதா அவரை? இப்போதெல்லாம் நான் கதையே படிப்பதில்லை அக்கா, மடிப்புக்கு மடிப்புதான் படிக்கிறேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வருகிறேன். அவரிடம் சொல்ல வேண்டாம். கதவை மட்டும் நீங்கள் திறங்கள். இன்றைக்குக் கடையில் ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக்கொடுத்துவிட்டு, முதலாளி திட்டத் திட்டச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள்
பட்டாசு


ஏப்ரல் 11

என் கண்ணே,

டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு. சுற்றி வளைக்காமல் போட்டு உடைத்துவிடுகிறேன்.

அந்த மடிப்பு என்னுடையது. பள்ளிக்கூட நாளில் அவனுக்கு அப்படி மடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். உன்னை அழவைக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க, ஆள் வராத ஐந்து நிமிஷம் கிடைத்தால் நான்தான் படிக்கிறேன். (கொலையானவனின் காதலி எனக்கு உறைக்கவே இல்லை. என் கண்ணெல்லாம் கொலைகாரன் மேல்.) காலிப் பெட்டிப் பக்கத்தில் யாரும் அழவில்லை. கணுக்கால் உடைந்த ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். மடித்து வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போனேன்.

அவன் வீட்டிலேயே இல்லை. நீ முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே மாற்றலில் வேறு ஊருக்குப் போய்விட்டான். உன் கடிதத்தைப் பார்த்து மனசு கேட்காமல் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா, அதை விட்டுடு. நான் நிம்மதியா இருக்கேன்" என்றான். இதை எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் நீ வந்து வாசலில் நிற்பாய்.

என்னைத் திட்டு. திட்டியாவது எழுது. அவனோடு சேர்த்து உன்னையும் இழக்க எனக்குத் தெம்பில்லை.

அக்கா


ஏப்ரல் 29

கண்ணு,

அடுத்த புத்தகத்தைக் கட்டி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா, வேண்டாமா? ஒரு வரி போதும்.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

அனுப்ப வேண்டாம். கோபம் வந்தது உண்மை. கணுக்கால் உடைந்த அந்த மனிதர் மேல்கூட வந்தது. உங்கள் தம்பி அழுதார் என்று நம்பிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நாள்தான் நான் நன்றாகத் தூங்கினேன். அதைப் பிடுங்கிவிட்டீர்களே என்று இருந்தது. அது பொய் என்று தெரிந்தும் இன்னும் வேண்டும்போல்தான் இருக்கிறது.

நீங்கள் எதை அனுப்பினாலும் நான் முதலில் மூலையைத்தான் தடவுவேன். அதனால் போன சனிக்கிழமை நானே ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். "என்ன மாதிரி வேணும்?" என்றார் கடைக்காரர். "யாரும் தொடாதது" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில், அட்டையில் ஒரு குண்டு அம்மாள் சைக்கிள் ஓட்டுகிற புத்தகத்தை எடுத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காதல் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. இருக்கிறது. தாங்கிக்கொண்டேன்.

அந்த அம்மாள் பிரேக் பிடிக்காமல் பக்கத்து வீட்டுக்காரர் கோழிக்கூண்டுக்குள் போய் விழுகிறாள். எழுந்து, தலையெல்லாம் இறகோடு, "முட்டை என்ன விலை?" என்று கேட்கிறாள். பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

ஐந்து வருஷமாக, சிரிக்கிற மாதிரி எது நடந்தாலும் அவரிடம் சொல்லத்தான் முதலில் வாய் வரும். அவர் போன பிறகும் அப்படித்தான். அன்றைக்கு, அறைக்குப் போனதும் இதை அக்காவுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். அவர் ஞாபகம் வரவேயில்லை என்பது, இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அதை நினைத்துத்தான் அக்கா, அந்த பஸ்ஸிலேயே உட்கார்ந்து அழுதேன்.

உங்கள்
பட்டாசு