இறங்குற கால்

மே 4, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே வெயில் பிடரியில் அடிக்குது. யூனிஃபார்ம் ரெண்டு செட் துவைச்சு மாடியில் போட்டேன். அரை மணியில் காஞ்சிருச்சு.

இந்த நோட்டு ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கொடுத்தது. இன்னிக்குத்தான் பிரிச்சேன். ஒரு விஷயம் கண்டுபிடிக்கணும், அதுக்காக.

போன ஆகஸ்ட், லடாக். ஆறாயிரம் மீட்டர் மலை. மேல் கேம்ப் வரைக்கும் ஏறினேன். தலைவலி இல்லை, வாந்தி இல்லை, மூச்சும் பரவாயில்லை. உயரத்துக்கு உடம்பு பழகணும்னு கீழ் கேம்ப்புக்கு இறக்கினாங்க. அதில்தான் போச்சு. தொடை ரெண்டும் தையல் மெஷின் மாதிரி ஆடுச்சு. நாலு தடவை உக்காந்தேன். ரெண்டு தடவை விழுந்தேன். லீடர் சண்முகம் சார், கோயம்புத்தூர்க்காரர், சொல்லிட்டார்: “இந்தப் புள்ளைக்கு இதோட போதும். ஆராச்சும் ஒருத்தர் கூடப் போகோணும்.”

கூட வந்தது கார்த்தி. எங்க கம்பெனி மெயின்டனன்ஸ். கயிற்றில் என் ஜோடி. என்னைக் கூட்டிட்டு வரலைன்னா அவன் உச்சிக்குப் போயிருப்பான். இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. திட்டியிருந்தாத் தேவலை.

நான் மாரத்தான் மூணு ஓடினவ. படப்பையிலிருந்து ஓரகடம் போய்த் திரும்புறது எனக்குக் காலை வேலை. அப்புறம் எப்படி?

கேள்வி: மூச்சு இருக்கும்போது கால் மட்டும் எப்படிப் போகும்?

ஜூலையில் மறுபடி மலை. லிஸ்டில் பேர் இருக்கு. ஜோடி: கார்த்தியேதான்.

மே 7, புதன்

பி ஷிஃப்ட், மதியம்தான் வேலை. காலையில் ஜிம்முக்குப் போனேன். படப்பை பஸ் ஸ்டாண்டு தாண்டி, செல்போன் கடைக்கு மேல. பத்துலருந்து பன்னெண்டு பொம்பளைங்களுக்கு. சொல்லித் தர்றவ அமுதா. சேரப்பணஞ்சேரிப் பொண்ணு, மாவட்ட அளவில் எடை தூக்கினவ. என்னைவிட நாலு வயசு சின்னவ. தோள் என்னுது மாதிரி ஒண்ணரை.

“எத்தினி கிலோ கொறைக்கணும்க்கா?”

“கொறைக்க வேண்டாம். மலை ஏறணும்.”

“இன்னா மலை?”

சொன்னேன். கையில் இருந்த இரும்பைக் கீழ வெச்சுட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டா. அங்க சோறு வேகுமா? ஒண்ணுக்கு எங்க போவீங்க? காத்து கம்மின்னா பேச்சு கேக்குமா? அரை மணி நேரம் கேள்வி. அவ பாத்த பெரிய மலை திருத்தணி.

அப்புறம் ஒரு பலகைப் பெட்டி மேல என்னை நிக்க வெச்சா. ஒத்தக்கால். மத்த காலை மெதுவா, மூணு எண்ணி, தரைக்கு இறக்கணும். ஏழாவதில் கால் நடுங்குச்சு.

அமுதா: “ஏறச்சொல்ல கால் தள்ளுது. எறங்கச்சொல்ல பிரேக்கு புடிக்கிது. நீ இன்ஜினை மட்டும் வளத்து வெச்சிக்கீறக்கா. பிரேக்கு சுத்தமா இல்ல.”

அரைப் பதில் கிடைச்ச மாதிரி இருக்கு.

மே 9, வெள்ளி

பஸ்ஸில் இருந்து இறங்க முடியலை. பின்பக்கமாத் திரும்பி, கம்பியைப் புடிச்சு இறங்கினேன். பின்னாடி ஒருத்தி: “யக்கா, ரிவர்ஸ் கியரா?”

தொடையில் எங்கெங்க வலின்னு தொட்டுப் பாத்தேன். முட்டிக்கு மேல உள்பக்கம் ஒரு துண்டு. இருபது கிலோமீட்டர் ஓடினாலும் அது வலிச்சதே இல்லை. இத்தனை வருசம் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.

மே 13, செவ்வாய்

குந்தி எந்திரிக்கிறது, தோளில் கம்பியோட: 30 கிலோ × 5 × 5 (அஞ்சஞ்சு தடவை, அஞ்சு சுற்று)
தரையிலிருந்து தூக்குறது: 40 × 5
பெட்டி இறங்குறது: காலுக்கு 12
நடுவில் மூணு நிமிஷம் சும்மா இருக்கணும்.

சும்மா இருக்கிறதுதான் கஷ்டம். ஓடி ஓடிப் பழகினவளுக்கு உக்காந்தா தப்புப் பண்ற மாதிரி. “ஒக்காரு. ஒக்காந்தாத்தான் அடுத்தது தூக்குவ.”

எடை தூக்கினா உடம்பு பெருத்துரும், மலையில் பாரம்னு நான் பயந்ததைச் சொன்னேன். அஞ்சு தடவை தூக்குறதுக்கெல்லாம் பெருக்காதாம். “பெருக்கறது அவ்ளோ ஈசின்னா நான் எப்பவோ ஸ்டேட் அடிச்சிருப்பேன்.”

லைனில் நின்னு யோசிச்சது: கன்வேயர் மோட்டாரை முழு லோடில் ஓட்டினா சூடாகுது. அதே வேலைக்குப் பெரிய மோட்டார் போட்டா அசால்ட்டா ஓடும். கால் பெரிய மோட்டார் ஆனா ஒவ்வொரு அடிக்கும் கம்மியா இழுக்கும். மூச்சும் மிச்சமாகுமோ? அமுதாகிட்ட கேக்கணும்.

(கேட்டேன். “தெரிலக்கா. நீ போய்ப் பாத்துட்டு சொல்லு.”)

மே 25, ஞாயிறு

அனல் காத்து. இந்தப் பக்கம் மலையே இல்லை. எங்க பாத்தாலும் தகரக் கூரையும் கன்டெய்னர் லாரியும்தான். அமுதாவும் நானும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனோம். மண்கரைச் சரிவில் பையில் பத்து கிலோ போட்டு ஏறி, இறங்கி. முப்பது தடவை. அமுதாவுக்குப் பத்தில் மூச்சு முட்டிருச்சு. அம்பது கிலோவைத் தலைக்கு மேல தூக்குறவ! கரையில் மல்லாந்து படுத்துட்டு, “ஒரு ஒடம்புல ரெண்டு வேலயும் வெக்க மாட்டானா ஆண்டவன்?”

இனி வாரம் ரெண்டு நாள் என்கூட ஓட வர்றாளாம்.

குந்தி எந்திரிக்கிறது 45 ஆயிருச்சு.

ஜூன் 8, ஞாயிறு

கார்த்தியோட திருக்கழுக்குன்றம். மலைப்படி. லீடர் சொன்ன சோதனை: பதினஞ்சு கிலோ, அஞ்சு சுற்று. பையில் தண்ணி பாட்டில்.

பூ விக்கிற அம்மா: “மூட்டையில இன்னா கீது? வேண்டுதலா?”

“தண்ணிம்மா.”

“தண்ணிய மேல தூக்கினு போயி, அதே தண்ணிய கீழ தூக்கினு வர்றியா?” பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாங்க.

மூணாவது சுற்று வரைக்கும் கார்த்தி எனக்கு முன்னாடி. நாலாவதில் இறங்கும்போது பின்னாடி திரும்பிப் பாத்தேன். சுவத்தைப் புடிச்சு, ஒருக்களிச்சு, வலது காலை வளைக்காம இறங்குறான். நான் பாத்ததும் நேரா ஆயிட்டான். அஞ்சாவது சுற்று முடிச்சான். பல்லைக் கடிச்சு.

எனக்குத் தொடை ஆடலை. ஒரு தடவைகூட. சந்தோஷப்பட வேண்டிய நாள். படலை.

ஜூன் 10, செவ்வாய்

லீடர் மெசேஜ்: “ரெண்டு பேரும் ஓகேவா?” பதில் போடலை.

கேன்டீனில் கார்த்திக்கு எதிரில் உக்காந்தேன். சாம்பார் சாதம், உருளை.

“கார்த்தி, ஒனக்கு முட்டி சரியில்ல.”

“படிக்கட்டு வழுக்குச்சு.”

“வழுக்கல. நான் பாத்தேன்.”

தட்டைத் தள்ளி வெச்சான். அப்புறம், “நீ எனக்குச் சொல்றியா?”

எந்திரிச்சுப் போயிட்டான். சோறு அப்படியே இருக்கு.

சரிதான். நான் சொல்லலாமா? போன வருசம் அவனை இறக்கினவ நான். இப்ப லீடர்கிட்ட உண்மையைச் சொன்னா ரெண்டாவது தடவையும் நான்தான் இறக்கின மாதிரி. சொல்லாம விட்டா, அங்க ஐயாயிரம் மீட்டரில் அந்தக் கால் மடங்கினா?

மதியத்துக்கு மேல பாகம் செக் பண்றதில் ரெண்டு தப்பு விட்டேன். சூப்பர்வைசர்கிட்ட பேச்சு. கார்த்திக்கு மெசேஜ் போட்டேன்: “லீடர்ட்ட நான் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை ஜிம்முக்கு வா. ஒரே ஒரு டெஸ்ட். அப்புறம் உன் இஷ்டம்.”

ஜூன் 14, சனி

வந்தான்! பொம்பளைங்க நேரம். மத்தவங்ககிட்ட அமுதா கேட்டுட்டு விட்டா.

அதே பலகைப் பெட்டி. இடது கால்: இருபது, சுத்தமா. வலது கால்: ஆறாவதில் முட்டி உள்பக்கமா மடங்குச்சு. அமுதா போனில் எடுத்து வெச்சிருந்தா. காட்டினா. நாலு தடவை ஓட்டிப் பாத்தான்.

“இது என் கால் மாதிரியே இல்ல.”

“வலி எத்தினி நாளா கீது?”

“கொஞ்ச நாளா.”

அமுதா திட்டலை. பாவப்படவும் இல்லை. பெட்டியை எடுத்துட்டு, ஒரு செங்கல் உயரத்துக்குப் பலகை போட்டா. “இத்துலருந்து ஸ்டார்ட் பண்ணு.”

கார்த்தி அதில் ஏறி நாலு தடவை இறங்கிப் பாத்தான். அப்புறம் படிக்கட்டுக்குப் போய் அவனே லீடருக்குப் போன் போட்டான்.

ஜூன் 16, திங்கள்

ராத்திரி மழை பெஞ்சிருக்கு. ரோடெல்லாம் சேறு, ஷேர் ஆட்டோ கிடைக்கலை, நடந்தே போனேன்.

லீடர் கூப்பிட்டார். கார்த்தி டாக்டரைப் பாத்துட்டு செப்டம்பர் குழுவில் வரலாமாம். “உனக்கு எப்புடி கண்ணு? ஜூலையா, செப்டம்பரா? ஜூலைன்னா என் கயித்துல வா.”

நியாயப்படி நான் செப்டம்பர்தானே சொல்லணும்? டீ டைமில் கார்த்திகிட்ட அப்படியே சொன்னேன்.

“எனக்காக நிக்காத. எனக்கு எரிச்சல் வரும்.”

“போன வருசம் நீ எனக்காக இறங்கல?”

டீயை வெச்சுட்டான். காதெல்லாம் சிவந்துபோச்சு. “மாரி, ஒண்ணு சொல்லணும். அப்பவே எனக்கு முட்டி வலி. மேல போயிருக்க மாட்டேன். யாராவது கீழ போகணும்னு லீடர் சொன்னதும் நான்தான் முதல்ல கையத் தூக்குனேன். ரொம்ப நிம்மதியா இருந்துச்சு.”

பத்து மாசம். பத்து மாசமா அவன் மூஞ்சியைப் பாக்க முடியாம லைன் மாத்தி நடந்திருக்கேன். கையில் டீ இருந்ததால் அடிக்கலை. அப்புறம் சிரிப்பு வந்துருச்சு. அவனுக்கும். சைரன் அடிச்சும் சிரிச்சுக்கிட்டே நின்னோம்.

ஜூலைன்னு சொல்லிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

குந்தி எந்திரிக்கிறது: 60 × 3. இனி பாரம் ஏத்தக் கூடாது, கால் ஆறணும்னு அமுதா உத்தரவு.
எடுக்க வேண்டியது: கையுறை ரெண்டு, கண்ணாடி, உதட்டுக்கு வாசலின், பொரிகடலை உருண்டை (ரூமில் கூட இருக்கிற ஜெயா பண்ணித் தர்றேன்னா).
லீவு லெட்டரில் கையெழுத்து வாங்கியாச்சு.

ஜூலை 22, செவ்வாய். கீழ் கேம்ப்.

விரல் விறைச்சிருக்கு. எழுத்து கோணல்.

காலை எட்டு நாப்பதுக்கு உச்சி. நின்னது பத்து நிமிஷம் இருக்கும். காத்து தள்ளுச்சு. எல்லாப் பக்கமும் மலை, அதுக்குப் பின்னாடியும் மலை. அழுகை வரும்னு நினைச்சேன். பசிதான் வந்துச்சு.

மூச்சு மிச்சமாச்சான்னு அமுதாவுக்குச் சொல்லணும்: ஆச்சுன்னுதான் தோணுது. போன தடவை அஞ்சு அடிக்கு ஒரு நிறுத்தம். இப்ப பன்னெண்டு. பழகினதாலயா, கால் பலத்தாலயா, தெரியலை.

அப்புறம் இறக்கம். சரளைக்கல், கூடவே வழுக்குற பனி. நான் முன்னாடி, லீடர் பின்னாடி, நடுவில் கயிறு. ஒவ்வொரு அடியும் மூணு எண்ணி வெச்சேன். பிறகு ரெண்டு. பிறகு எண்ணவே இல்லை. தொடை சுட்டுச்சு, ஆனா புடிச்சுது.

பாதி வழியில் கயிறு இழுபட்டுச்சு. திரும்பிப் பாத்தேன். சண்முகம் சார் கைத்தடி மேல சாஞ்சு நிக்கிறார்.

“மெதுவாப் போ கண்ணு. என் காலு வரோணுமல்ல.”