நிக்காஹ் நாள் தேதியிட்ட காகிதம்

பரங்கிப்பேட்டை
15.07.2025

அன்பு மாப்பிள்ளை தவ்ஹீத் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கு அனைவரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. உங்கள் மாமனைத் தவிர மற்ற எல்லோரும் நலம். ஃபஹீமாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. சென்ற வாரம் சிதம்பரத்தில் டாக்டரிடம் காட்டினோம், குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். மாங்காய் வேண்டாம் என்கிறாள், வறுத்த கருவாடு கேட்கிறாள். உங்கள் மாமியார் அமீருன்னிசா இரண்டையும் செய்து வைத்துவிட்டு என்னைத் திட்டுகிறாள்.

போனில் பேசாமல் பேனாவை எடுத்ததற்குக் காரணம் உண்டு. போனில் பேசினால் ஃபஹீமா பக்கத்தில் இருப்பாள். நீங்களும் என்னைப் பேசவிடாமல், "நான் பாத்துக்கிறேன் மாமா" என்பீர்கள். நீங்கள் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். மேலத்தெருவிலிருந்து ஒருவர் வியாழக்கிழமை ஷார்ஜாவுக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சென்ற புதன்கிழமை கடலூர் அரசு அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். குப்பத்தில் நான் கட்டிய புயல் பாதுகாப்பு மையத்தில் ஒரு தூண் விரிசல் விட்டிருக்கிறது என்றார்கள். பூச்சு வெடித்திருக்கும், இரண்டு சட்டி சிமெண்டில் முடிந்துவிடும் என்று நினைத்து, வழியில் டீ குடித்துவிட்டுச் சாவகாசமாகத்தான் போனேன். அங்கே ஸ்ரீமதி என்று ஒரு இன்ஜினியர் அம்மா. ஃபஹீமாவைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். ஃபைலைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

ஒரு டீவியேஷன் பேப்பர். ஒப்பந்தத்தில் உள்ளதை மாற்ற வேண்டுமானால் சைட் இன்ஜினியர் காரணம் எழுதி மேலே அனுப்புவாரே, அதுதான். "பன்னிரண்டு மீட்டரில் பாறை தட்டுவதால், பதினெட்டு மீட்டர் இறங்க வேண்டிய அஸ்திவாரத் தூண்களைப் பன்னிரண்டிலேயே நிறுத்தப் பரிந்துரைக்கிறேன்." கீழே, அப்போது அங்கே சைட் இன்ஜினியராக இருந்த உங்கள் கையெழுத்து. அதை நம்பி மேலதிகாரி ஒப்புதல் கொடுத்திருக்கிறார்.

அதை இரண்டு முறை வாசித்தேன் மாப்பிள்ளை. நம் கடற்கரையில் பாறையா? மண் பரிசோதனை முடிந்த அன்று நீங்கள்தானே சொன்னீர்கள், பதினேழு மீட்டர் வரைக்கும் சேறும் மணலும்தான், அதற்கும் கீழே போனால்தான் கெட்டி மண் என்று! அந்த அம்மா தேதியில் விரலை வைத்தார். 10.09.2023. "அன்னிக்கி ஞாயித்துக்கிழமை பாய். லீவு நாள்ல யாரு இத எழுதினது?" என்று கேட்டார். அவருக்கு அது வெறும் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அது உங்கள் நிக்காஹ் நாள். அன்று நீங்கள் போட்டது ஒரே ஒரு கையெழுத்து, அதுவும் பள்ளிவாசலின் கல்யாணப் பதிவேடான தஃப்தரில், என் கண் முன்னால். விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். சம்பந்தம் பேசி முடித்ததும், மாமனார் வேலையை மருமகன் சரிபார்க்கக் கூடாது என்று வேறு சைட்டுக்கு மாற்றல் கேட்டீர்கள். அது வருவதற்குள் நிக்காஹ் நாள் வந்துவிட்டது. லீவில் போகும்போது, வேலை நிற்காமல் இருக்க, உங்கள் கம்பெனித் தாள் இரண்டில் கீழே கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தீர்கள். எல்லா சைட்டிலும் நடப்பதுதான். நீங்களாகத் தரவில்லை, நச்சரித்து வாங்கியவன் நான். கழிவறையை இடம் மாற்ற ஒரு தாள் செலவானது. இன்னொன்று என் சூப்பர்வைசர் இளவரசுவிடம் இருந்ததையே மறந்துவிட்டேன்.

அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வரவில்லை, நேராகச் சிதம்பரம் போனேன். இளவரசு இப்போது அங்கே டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். அடிக்கிற ஆத்திரத்தில்தான் போனேன். அவன் எழுந்து நின்று நிதானமாகச் சொன்னான்: "பாய், பன்னெண்டு மீட்டர்ல தொள போடுற மிசினு ஒடஞ்சி நின்னுடுச்சி, வேற மிசினு வர ஒரு மாசம் ஆவும், மழ புடிச்சிக்கும்னு மண்டபத்துக்கே வந்து உங்ககிட்டதான் கேட்டேன். கைல இருக்குற தாள்ல எதனா எழுதி முடி, இன்னிக்கி என்ன தொந்தரவு பண்ணாதன்னீங்க. இங்க சிதம்பரத்துலயே டைப் அடிச்சி, அன்னிக்கி தேதியே போட்டு குடுத்துட்டேன்."

ஓங்கிய கை இறங்கிவிட்டது. ஆமாம், சொன்னேன். பிரியாணி சஹன் தட்டைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு ஓடிக்கொண்டிருந்தேன், அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து சைட்டுக்குப் போனபோது எல்லாவற்றையும் கான்கிரீட் மூடியிருந்தது. பில்லில் பன்னிரண்டு என்றுதான் இருந்திருக்கும். அதையும் வாசிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இருபத்தாறு வருடம் கட்டிடம் கட்டிய பெரிய மனுஷன்! வெட்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஃபஹீமா உங்களிடம் விஷயத்தைச் சொன்னதும், நீங்கள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கையெழுத்து என்னோடதுதான், செக் பண்ணித்தான் எழுதினேன், தேதிதான் தப்பா விழுந்துடுச்சின்னு மெயில் போட்டுர்றேன். நீங்க கவலப்படாதீங்க மாமா." உண்மையை மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு கவளம் அதிகமாகவே சாப்பிட்டேன். பெற்ற பிள்ளைகூட இப்படித் தாங்குவானா என்று அமீருன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று குப்பத்துக்குப் போனேன். விரிசலில் ஒரு ரூபாய்க் காசை நுழைத்துப் பார்த்தேன், உள்ளே போய்விட்டது. பூச்சு இல்லை அது. மாடியில் இப்போது அங்கன்வாடி நடக்கிறது. அங்கே சமைக்கும் கொளஞ்சியம்மாள் என்னைக் கண்டதும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "போன பொயலுக்கு முன்னூறு பேரு இதுக்குள்ளதான் கெடந்தோம் பாய். காத்து அப்பிடி அடிக்குது, புள்ளைங்க அழுவுது. நம்ம பாய் கட்னது, ஒண்ணும் ஆவாதுன்னு நாந்தான் எல்லாருக்கும் சொன்னேன்" என்றார். அந்தத் தண்ணீரை என்னால் குடிக்க முடியவில்லை. முன்னூறு பேர், மாப்பிள்ளை! சேற்றில் நிற்கும் தூண் மேல் முன்னூறு பேரைப் படுக்க வைத்திருக்கிறேன். அவர்கள் பிழைத்தது அல்லாஹ்வின் கருணை, என் வேலை அல்ல.

மெயில் போடாமல் பொறுத்திருங்கள் என்று அன்று ஒரு வரி மெசேஜ் அனுப்பினேனே, காரணம் இதுதான். நீங்கள் அந்த மெயிலை அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்ஜினியரே பாறை என்று சொல்லிவிட்டார் என்று விரிசலைப் பூசிவிட்டு ஃபைலை மூடுவார்கள். ஐப்பசியில் புயல் வந்தால் கொளஞ்சியம்மாள் மறுபடியும் எல்லோரையும் அங்கேதான் கூட்டிப் போவார்.

நீங்கள் போட்டதே இல்லை, கள்ளக் கையெழுத்து என்று சொல்லவும் உங்களுக்கு வழி இருக்கிறது. நிக்காஹ் தஃப்தரே சாட்சி சொல்லும். அப்படிச் சொன்னாலும் நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் அதுவும் உண்மை இல்லை. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அதில் இருக்கும் எழுத்து என்னுடையதல்ல, அங்கே பாறை கிடையாது: இதை மட்டும் எழுதுங்கள். உங்கள் பெயருக்கும் கறை வரும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். என் மகளின் கணவரிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன், மன்னியுங்கள்.

திங்கட்கிழமை நான் கடலூர் போய் இதையே எழுதிக் கொடுக்கப் போகிறேன். அந்தக் கட்டிடத்தைப் பூட்டுங்கள், மழைக்கு முன் சோதித்துப் பாருங்கள் என்று அந்த அம்மாவின் மேஜை முன்னால் நிற்பேன். லைசென்ஸ் போகும். கேஸும் வரலாம். அமீருன்னிசாவிடம் சொல்லிவிட்டேன். இன்று காலை என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறாள். ஃபஹீமாவுக்கு இந்த முடிவு இன்னும் தெரியாது.

குழந்தை பிறந்ததும் அதன் காதில் நான்தான் பாங்கு சொல்வேன் என்று உங்களிடம் சண்டை போட்டிருந்தேன். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பேனோ மாட்டேனோ தெரியாது. லீவு போட்டு வந்து நீங்களே சொல்லுங்கள். பிள்ளைக்கு நீண்ட ஆயுளையும், எதையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் புத்தியையும் அல்லாஹ் கொடுக்கட்டும். உங்களைக் கண்போலக் காக்கட்டும்.

கடைசி வரியை ஒட்டியே கையெழுத்துப் போடுகிறேன், மிச்சத் தாள் முழுவதும் குறுக்கே கோடு அடித்துவிட்டேன். இதற்குக் கீழே ஏதாவது எழுதியிருந்தால் அது நான் எழுதியதல்ல.
உங்கள் மாமா நைனா முகம்மது