ஆயுத பூஜையன்று அப்பா அணைத்த சுவிட்ச்

செல்வா அண்ணா, என் பாசக்கார அண்ணா,

சண்டை போடக்கூட ஆள் இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எங்களை என்ன பாடு படுத்துகிறாய், தெரியுமா? நீ நட்ட திராட்சைக் கொடிகள் முதன்முதலாகக் காய்த்தன. பறித்து நொதிக்கப் போட்டோம். அதில் பாதி கை விட்டுப் போய்விட்டது என்றே இந்த வாரம் நினைத்தோம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில், டெக்சஸ் ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன் நீ. லீவுக்கு ஸ்பெயின் போன இடத்தில் மத்தேயோ என்பவன் வீட்டு ஒயின் ஆலையைப் பார்த்துவிட்டு வேறு ஆளாகத் திரும்பினாய். அங்கே தாத்தா திராட்சையை மரத்தொட்டியில் போட்டுக் காலால் மிதிப்பார். பேரன் மத்தேயோ அதே திராட்சையை எஃகு டாங்கில் போட்டு, சூடேறாமல் இருக்கக் குளிரூட்டியை ஓடவிடுவான். முன்னதில் முரட்டு ருசி, பின்னதில் பழ வாசம். இரண்டையும் தனித்தனியே முடித்துக் கடைசியில்தான் கலப்பார்கள். அதை டெக்சஸில் செய்துகாட்டுகிறேன் என்று மத்தேயோவைக் கையோடு கூட்டி வந்தாய். பழம் வருவதற்குள், மார்ச் மாதம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை.

அப்பா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "சாராயம் காய்ச்சவா படிக்க வெச்சேன்?" என்று கோயம்புத்தூரிலிருந்தே கத்துவார். உன் காரியத்துக்கு வந்தவரை நான்தான் திருப்பி அனுப்பாமல் இங்கே என்னோடு வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை காலையில் அவராகவே கேட்டார்: "கண்ணு, அவன் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போறயா? பொட்டு வெச்சுட்டு வந்தர்லாம்."

அவன் பட்டறை என்றார், அண்ணா! வழி நெடுக ஏதோ பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். பேசினால் அழுதுவிடுவேன், அழுதுகொண்டே டிரைவ் பண்ண எனக்குத் தெரியாது.

மத்தேயோ டவுனுக்குப் போயிருந்தான். நான் ஷெட்டுக்கு வெளியே, போனில் ஆபீஸ் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன். அப்பா பம்புக்கும் பீப்பாய்க்கும் டாங்குக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். லேத் பட்டறையில் ஆயுள் முழுக்க இருந்த மனுஷர். பூஜையன்று ஒரு மெஷினும் ஓடக் கூடாது, அன்றைக்கு அதற்கும் ஓய்வு. ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான், டாங்கின் குளிரூட்டி. அதன் சுவிட்சை அணைத்துவிட்டுக் கும்பிட்டிருக்கிறார்.

மத்தியானம் மத்தேயோ திரும்பி வந்தபோது டாங்கின் சூடு நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. நமக்கென்றால் காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்ளலாம். நொதிக்க வைக்கிற ஈஸ்ட் அந்தச் சூட்டில் செத்துப்போகும்.

"ஹூ டச்ட் திஸ்?" என்று அவன் போட்ட சத்தத்தில் நான் உள்ளே ஓடினேன்.

அப்பா கையில் குங்குமத் தட்டு. "நான்தான் தம்பி. பூஜைக்காக ஆஃப் பண்ணேன்."

நான் இங்கிலீஷில் சொன்னேன். மத்தேயோ வெளியே போய் ரப்பர் குழாயை எட்டி உதைத்தான்.

குளிரூட்டியைப் போட்டதும் சூடு இறங்கியது, ஆனால் நொதித்து நுரைக்கிற கொதிப்பும் நின்றுவிட்டது. மறுநாள் காலையிலும் டாங்கில் அசைவில்லை. பாதி இனிப்போடு அப்படியே விட்டால் கெட்டுப்போகும். அப்பா டாங்கு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், சாப்பிட வரவில்லை. "அவனை ரெண்டாந்தடவ சாகடிச்சுட்டேனா கண்ணு?" என்றார். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஒரு வழிதான் இருந்தது. மீதிப் பாதிப் பழத்தை மரத்தொட்டியில் தாத்தா முறையில் போட்டிருந்தோம், அது நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் டாங்கு ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து உயிர்ப்பிக்க வேண்டும், கிட்டத்தட்ட தயிருக்கு உறை ஊற்றுகிற வேலை. பிடித்தால் பிழைத்தோம். பிடிக்காவிட்டால் மரத்தொட்டியும் போச்சு. அதோடு, குளிர்காலம் வரை இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது என்பது நீ போட்ட ஒரே கட்டளை.

"ஹீ இஸ் யுவர் பிரதர். யூ டிசைட்," என்றான் மத்தேயோ.

எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. முடிவெடுக்கிற இடத்தில் என்னை விட்டுவிட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்தது? இருப்பதையாவது காப்பாற்றிக்கொள் என்று புத்தி சொன்னது. பாதிதான் மிஞ்சியது என்றால் அப்பா தாங்க மாட்டார் என்பதும் தெரிந்தது. "கலந்துடலாம்," என்றேன்.

வாளியைப் பிடித்தது யார் என்று நினைக்கிறாய்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை சிவப்பாக, நம் அப்பா! ஒவ்வொரு வாளிக்கும் "போதுமா தம்பி?" என்பார். "போதும் அப்பா," என்பான் மத்தேயோ. நீ சொல்லிக்கொடுத்த தமிழ்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மரத்தொட்டியின் கொதிப்பும் மட்டுப்பட்டது. இரண்டையும் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த காலை நாங்கள் போனபோது மேலே நுரை கட்டியிருந்தது. மத்தேயோ முகர்ந்து பார்த்தான், காது வைத்துக் கேட்டான், ஸ்பானிஷில் என்னமோ சொல்லி அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா போன் பண்ணினார், அப்பா சாப்பிடுகிறாரா என்று விசாரிக்க. ஊரில் யார் கேட்டாலும் உனக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை என்றே அன்றுவரை சொல்லிவந்தவர் அப்பா. இரங்கல் செய்தியில்கூட அப்படித்தான் போட்டார். அந்த மனுஷர் போனில் சொன்னார்:

"எம் பையன் ஒயின் போடறவன்ப்பா. அவன் தோட்டத்துப் பழம். நின்னு போயிருந்துச்சு, இப்பத்தான் கொதிக்குது. அதைப் பாத்துக்கிட்டு இருக்கேன், அப்பறம் பேசறேன்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீ போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

இது நீ மனசில் வைத்திருந்த ஒயின் இல்லை, அண்ணா. எப்படி வரும் என்று மத்தேயோவுக்கே தெரியவில்லை. எப்படி வந்தாலும் உன் பெயரில்தான் பாட்டிலில் அடைப்போம். அடுத்த ஆயுத பூஜைக்கும் அப்பாதான் பொட்டு வைப்பார். அந்த சுவிட்சுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். இது சத்தியம்.

உன் பேச்சை மீறிக் கலந்துவிட்ட தங்கை,
மேகலா