காட்சி பதினான்கு

மார்ச் 3

என் ராங்கிக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். செட் போட்டாயிற்று. உயரமாக ஒரு படிக்கட்டு, உச்சியில் ஒரு கதவு. "கதவுக்குப் பின்னால என்ன சார்?" என்று ஆர்ட் டைரக்டர் கேட்டார். "அப்புறம் சொல்றேன்" என்று மழுப்பினேன். எனக்கே தெரிந்தால்தானே! நூறு பேர் டீ குடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறார்கள். நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போனதிலிருந்து மண்டைக்குள் களிமண்தான். ஒரு வரி ஓடவில்லை. நாலு வரி எழுதேன். திட்டியாவது எழுது.

உன் மக்குப் புருஷன்

மார்ச் 11

டைரக்டர் சாருக்கு,

திட்டத்தானே கேட்டீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பத்து வருஷமாக நான் உங்கள் வீட்டில் இருந்தேன். நீங்கள்தான் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவீர்கள், கண் எங்கோ மேயும்.

குட்டிக்கு நாலு நாளாக ஜுரம். "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று அனத்துகிறாள். ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். நான் ஒன்றும் கடித்துவிட மாட்டேன்.

குட்டியின் அம்மா

மார்ச் 20

ராங்கி,

கதை பிடிபட்டுவிட்டது! மூன்று நாளாக ஷூட்டிங் பிய்த்துக்கொண்டு போகிறது. நேற்று கதாநாயகி பேசி முடித்ததும் லைட்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குட்டிக்கு ஒரு யானை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். முடித்ததும் வருகிறேன்.

உன் மக்கு

மார்ச் 27

உங்களுக்கு,

யானை வரவில்லை. அவசரத்தில் தாளை மாற்றி வைத்துவிட்டீர்கள். உறைக்குள் இருந்தது என் கடிதம். மேலே பென்சிலால் "காட்சி 14". "நீங்கள்தான் இல்லை" என்ற இடத்தில் "க்ளோசப், இங்கே நிறுத்தவும்". குட்டியின் ஜுரத்தை முழுசாக அடித்துவிட்டு, ஓரத்தில் "தேவையில்லை".

அவளுக்கு ஜுரம் விட்டுப் பத்து நாளாகிறது. நீங்கள் கேட்கவே இல்லை. என்னங்க, நாங்கள் உங்களுக்கு யார்?

ஏப்ரல் 4

ராங்கி,

ஷூட்டிங்கை நிறுத்திவிட்டேன். "கதை என்னோடது இல்லைங்க" என்று தயாரிப்பாளரிடம் சொன்னேன். மனுஷன் காய்ச்சி எடுத்துவிட்டார். எனக்கு வேணும்.

உடனே கிளம்பி வந்து உன் காலில் விழத்தான் பையை எடுத்தேன். கிளம்புமுன் உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். "நாங்கள் உங்களுக்கு யார்" என்ற இடத்தில் உடைந்து அழுதுவிட்டேன். அழுகை அடங்கவில்லை, அதற்குள், 'இதை அவள் ஜன்னலோரம் திரும்பி நின்று சொன்னால் நன்றாயிருக்குமே' என்று தோன்றிவிட்டது.

என்னை நினைத்து எனக்கே பயமாகிவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டேன்.

இனி எனக்கு எதுவும் எழுதாதே.

குட்டியின் அப்பா