எறும்பு வராத கொல்லை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் நல்ல சுகம். என்னோடு வேலைக்கு வரும் மாமாவின் முதுகு மட்டும் கிருபைக்கு வெளியே நின்று அடம் பிடிக்கிறது. ட்ரில் மெஷினை நான் தூக்குகிறேன், நீ மருந்துக் குழாயைப் பிடி என்று சொன்னால் கேட்டால்தானே? அக்கா வீட்டுக்காரருக்கு வயதாகிவிட்டதாம், அவர் தூக்கக் கூடாதாம். உன் சுகத்தையும், உன் காட்டில் குடியிருக்கும் சகல ஜீவன்களின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

உன் போன கடிதத்தை அம்மா சத்தமாக இரண்டு தரம் வாசித்தாள். விழுந்து கிடக்கும் செத்த மரத்தை அப்புறப்படுத்தக் கூடாது, உயிரோடு நிற்கும் மரத்தைவிட அதில்தான் அதிகம் பேர் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று உங்கள் பேராசிரியை சொன்னதாக எழுதியிருந்தாய். அந்தக் குடித்தனக்காரர்களில் முக்கியமானவர் கரையான் என்றும் எழுதியிருந்தாய். அந்த இடம் வந்ததும் அம்மா வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் என்ன செய்ய? இத்தனை வருடமாக வீடு வீடாகப் போய் நான் காலி செய்ய வைத்த குடித்தனம் அது. காட்டில் அவர்கள் ராஜாவாக இருக்கட்டும், ஊருக்குள் வந்து கதவு நிலையைத் தின்றால்தான் எங்களுக்குள் தகராறு என்று உங்கள் பேராசிரியையிடம் சொல்.

இங்கே ஆலயத்தில் பாடகர் குழு நிற்கும் மேடை ஒரு பக்கம் அமுங்குகிறது. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன், உள்ளே வெறும் கூடு. போதகர் ஐயா முகம் வெளிறிவிட்டது. அம்மா உட்பட மொத்தக் குழுவும் ஒரே நேரத்தில் உச்ச சுரம் எடுத்திருந்தால் எல்லாரும் கீழேதான் போய் இறங்கியிருப்பார்கள். அடுத்த வாரம் நானும் மாமாவும் வேலையை ஆரம்பிக்கிறோம்.

ஆலயத்தில் பார்க்கிறவர்கள் எல்லாரும் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். காடும் சுற்றுச்சூழல் உக்கிராணத்துவமும் படிக்கிறாள் என்று சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. மேடையைப் பார்க்க வந்த தச்சர், உக்கிராணம் என்றால் சாமான் அறைதானே, அதைப் பார்த்துக்கொள்ளவா ஒரு பெண்ணைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு அனுப்பினாய் என்று கேட்டார். ஆமாம் அண்ணே, சாமான் அறைதான், ஆனால் சாமான் ஒன்றும் நம்முடையது இல்லை, சாவி மட்டும்தான் நம் கையில், சொந்தக்காரர் வந்து திறந்து காட்டு என்றால் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும், அதைத்தான் மூன்று வருடம் படிக்கிறாள் என்றேன். அவர் அளவுகோலை எடுத்துக்கொண்டு மேடைக்கடியில் குனிந்துவிட்டார். நீ சேர்ந்த அன்று உங்கள் முதல்வர் பேசியதைத்தான் அப்படியே ஒப்பித்தேன். அதைத் தச்சரிடம் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாதக் கடைசியில் கல்லூரியில் ஒரு சின்ன விழா இருக்கிறது, பயணம் அலைச்சல், நீங்கள் வர வேண்டாம் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாய். நானும் நம்பிவிட்டேன். நேற்று உன் அறைத் தோழியின் அப்பா, பள்ளி வேன் ஓட்டுகிறாரே, அவர் போன் செய்தார். ஒரே ரயிலில் போகலாமா, மண் எடுத்து வைத்தாயிற்றா என்று கேட்டார். என்ன மண் என்று கேட்டால் மானம் போய்விடும். அதெல்லாம் எப்போதோ எடுத்து வைத்தாயிற்று என்று சொல்லிவிட்டு, அவர் வாயைக் கிளறி மீதியைத் தெரிந்துகொண்டேன்.

முதல் வருடம் முடியும்போது ஒவ்வொரு பிள்ளையின் பொறுப்பிலும் கல்லூரிக் காட்டில் ஒரு துண்டு நிலம் ஒப்படைக்கப்படுமாம். அடுத்த இரண்டு வருடம் அதில் எது முளைக்கிறது, எது சாகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அந்தப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டுமாம். அன்றைக்குப் பெற்றோர் பக்கத்தில் நிற்பது அங்கே வழக்கமாம். வரும்போது வீட்டு மண் ஒரு பிடி கொண்டு வர வேண்டுமாம். காட்டுக்குள் வெளி மண் போகக் கூடாது என்பதால், சிற்றாலயப் படியருகே இருக்கும் கல்தொட்டியில் எல்லார் வீட்டு மண்ணையும் கலந்து, உங்கள் வகுப்பின் பேரில் ஒரு மரக்கன்று நடுவார்களாம். இதுதான் நீ எழுதிய சின்ன விழா.

நேராகவே கேட்கிறேன். உன்னை விடுதியில் விட வந்த அன்று நம் வேனில் "எலி, பூச்சி, கரையான் ஒழிப்போம்" என்று எழுதியிருந்ததைப் பார்த்து உன் தோழிகள் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் அன்று அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எடுத்துக்கொள்ளட்டுமா? மருந்தடிக்கிறவன் வந்து உன் பக்கத்தில் நிற்பது உனக்கு வெட்கமாக இருக்கிறதா? உன் கல்லூரியில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்பதும் ஒரு விதத்தில் நல்லதுதான். பேசினால் நான் கத்தியிருப்பேன், நீ அழுதிருப்பாய், விஷயம் ஓரமாகப் போயிருக்கும். நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் நான் மண்ணோடு வந்து நிற்பேன்.

மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டு, பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு மண் எடுக்கக் கொல்லைக்குப் போனேன். மண்ணைப் போட்டு மூடிவிட்டுக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கலாம் என்று நினைப்பு. இரண்டு நாள் கழித்து இன்றுதான் மறுபடியும் பேனாவைத் தொடுகிறேன்.

நம் கொல்லையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, புது வாடிக்கைக்காரர் யார் வந்தாலும் உன் கையில் சர்க்கரையைக் கொடுத்து அங்கே தூவச் சொல்வேன். மறுநாள் வந்து பாருங்கள், ஒரு எறும்பு மொய்த்திருந்தால் எனக்கு வேலை தர வேண்டாம் என்பேன். ஒருவர்கூட வேலை தராமல் போனதில்லை. மருந்து டப்பாவையும் பம்பையும் அந்தக் குழாயடியில் கழுவிக் கழுவித்தான் அந்த மண் அப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

சின்ன மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தி மண்ணைக் கையில் எடுத்தேன். எங்கள் தொழிலில் மண் கைக்கு வந்தால் கண் தானாகவே உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுதான் தேடும். யாரும் இல்லை. மதிலோரம் கொத்தினேன், துணி காயப் போடும் கம்பத்தடியில் கொத்தினேன். ஒரு புழு இல்லை, ஒரு புல் வேர்கூட இல்லை. இன்னொருவர் வீடாக இருந்தால் கைகுலுக்கிக் கூலி வாங்கியிருப்பேன்.

அப்போதுதான் நீ போன விடுமுறையில் அதே இடத்தில் ஓரடிக்கு ஓரடி சதுரமாகக் குழி வெட்டியது நினைவுக்கு வந்தது. வீட்டு மண்ணில் எத்தனை உயிர் இருக்கிறது என்று எண்ணி வரச் சொன்னார்கள் என்றாய். பழைய படுக்கை விரிப்பில் மண்ணைக் கொட்டிச் சலித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். எத்தனை பேர் மாட்டினார்கள் என்று நான் கேட்டதற்கு, மழை வந்து கெடுத்துவிட்டது என்றாய். அன்று மழை பெய்யவில்லை. எனக்கும் அது தெரிந்ததுதான், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அம்மா துணி எடுக்க வந்தாள். பாப்பா உன்னிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். கையிலிருந்த துணியை மடித்துக் கூடையில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"அவ உங்களைப் பார்த்து வெட்கப்படலைங்க. அந்தத் தொட்டியில எல்லார் வீட்டு மண்ணும் ஒண்ணாக் கலக்குமாம். நம்ம மண்ணு விழுந்தா கன்னு பிழைக்காதுன்னு பயந்துட்டா. அதை உங்க முகத்தைப் பார்த்து அவ எப்படிச் சொல்லுவா?"

நீ பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்ததையும், ஒழுங்காகத் தேடியிருக்க மாட்டாய் என்று பேராசிரியை உன்னை விடுதித் தோட்டத்தில் மறுபடியும் தோண்ட வைத்ததையும், நீ வாயைத் திறக்காமல் போய்த் தோண்டியதையும் அப்புறம்தான் சொன்னாள். நீ அவளுக்குத் தனியாக எழுதிய கடிதத்தில் இருந்ததாம்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அந்தக் குழாயடியில் கழுவிய கைதான் உன்னைத் தூக்கி வளர்த்தது, உன்னைப் படிக்க அனுப்பியது என்று அம்மாவிடம் சத்தம் போட்டேன். அவள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு நான் அடுக்களையிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து, பழைய நாள் மாதிரியே கொல்லை முழுவதும் தூவினேன். எறும்பு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நான் சர்க்கரை தூவியது இதுதான் முதல் தடவை. விடிந்ததும் பல்கூடத் துலக்காமல் போய்ப் பார்த்தேன். பனியில் நனைந்து, தூவியது தூவியபடி கிடந்தது. பத்து வருடம் உத்தரவாதம் என்று அட்டை அடித்து ஊரெல்லாம் கொடுத்தவன் நான். என் மருந்து நல்ல மருந்துதான் பாப்பா, சொன்ன சொல் தவறவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். மனம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மாமா வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னான். ஆலயத் தோட்டத்தில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போங்கள், மண்ணில் விலாசமா எழுதியிருக்கிறது என்றான். முதுகு வலித்தாலும் மூளை மட்டும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. வீட்டு மண் என்று சொல்லி வேறு மண்ணைப் போட்டு, அதில் ஒரு மரம் வளர்ந்து, நீ மீதி இரண்டு வருடமும் அந்தப் படியேறிப் போய் ஜெபம் செய்ய வேண்டுமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் தொழிலை விடப் போகிறேன் என்று நினைத்துவிடாதே. கர்த்தருடைய ஆலயத்தையும் கரையான் தின்னத்தான் செய்கிறது, அதை யாராவது பார்க்க வேண்டும். ஆனால் பம்பு கழுவிய தண்ணீர் இனிமேல் கொல்லையில் விழாது. அதைக் கேனில் பிடித்து வைத்து அடுத்த வேலைக்கு மருந்து கரைக்க எடுத்துக்கொள்கிறோம். சரியான முறை அதுதான், சோம்பலில்தான் செய்யாமல் இருந்தோம். மதிலோரம் வெயில் விழும் மூலையில் கனத்த தார்ப்பாய் விரித்து, கீழிருக்கும் மண் ஒட்டாதபடி நாலு வரிசை செங்கல் வைத்து ஒரு பாத்தி கட்டியிருக்கிறேன். அம்மா மூட்டையில் மண் வாங்கலாம் என்றாள். கொஞ்சம் பொறு என்றேன். பாத்தி இப்போது காலியாகத்தான் இருக்கிறது.

உன்னிடம் சொல்ல வேண்டியது இரண்டு. நீ என்னிடம் மறைத்தது எனக்கு வலித்தது. எனக்கு வலிக்கக் கூடாது என்றுதான் மறைத்தாய் என்று தெரிந்ததும், அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதில் நெஞ்சு நிறைந்துவிட்டது. இனிமேல் மறைக்காதே. நான் நீ நினைப்பதைவிடக் கெட்டியான ஆள். அடுத்தது, அந்தப் பூஜ்யத்தை மாற்றி எழுதாதே. என் மகள் சரியாகத்தான் எண்ணினாள் என்று உங்கள் பேராசிரியையிடம் நானே வந்து சொல்கிறேன். இந்த விஷயத்தில் என்னைவிடப் பொருத்தமான சாட்சி அவருக்குக் கிடைக்க மாட்டார்.

ஆகவே நானும் அம்மாவும் வருகிறோம். ரயிலில் இல்லை, நம் வேனிலேயே வருகிறோம், எழுத்து தெரிய வாசலிலேயே நிறுத்துவேன். தோழியின் அப்பாவுக்கும் அதிலேயே இடம் போட்டுவிட்டேன். எல்லாரும் தொட்டியில் மண் போடும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு உன் பக்கத்தில் நிற்பேன். யாராவது கேட்டால், நான் மருந்தடிக்கிறவன், என் வீட்டு மண் இன்னும் தயாராகவில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன். நீ தலை குனிய வேண்டியதில்லை.

உன் கையில் தரும் நிலத்தையும், அதற்குச் சாவி வாங்கும் உன் கையையும் கர்த்தர் ஆசீர்வதித்துக் காப்பாராக. எனக்கு ஒரே ஒரு ஆசை இருக்கிறது. விடுதிக்குப் பின்னால் குழியில் இலை போட்டு மட்க வைக்கிறேன் என்று எழுதினாயே, அதில் எனக்கு ஒரு பிடி வேண்டும். பிஸ்கட் டப்பாவை நன்றாகக் கழுவி வெயிலில் காய வைத்திருக்கிறேன். மற்றவர்கள் மண்ணைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள், நீ என்னை நிறைந்த கையோடு அனுப்பு. சலிக்காதே, யாரையும் பொறுக்கி எடுக்காதே, இருக்கிறபடியே அள்ளிப் போடு. அந்த மண்ணோடு யார் வந்தாலும் நான் காலி செய்யச் சொல்ல மாட்டேன். கரையானாக இருந்தாலும் சரி.

உன் வரவேற்புக்குக் காத்திருக்கும்
அப்பா