குரல் இல்லாத பாடவேளை

ஜூலை 3, புதன்

ஒன்பதாம் வகுப்புக்கு நூலக வேளை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறார்கள். நான் வாசித்தால் காதைத் தீட்டிக்கொள்ளும் பெண்கள், தாமாக ஒரு பக்கம் புரட்டச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். அந்த வேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாமா என்று தலைமை ஆசிரியை மறுபடியும் கேட்டார். அரையாண்டு வரை பொறுக்கச் சொன்னேன். தொண்டை வேறு கரகரக்கிறது.

ஜூலை 8

கப்பல் சமையற்காரன் கதை. அடித்தட்டில் தண்ணீர் ஏறுகிறது, அவன் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறான். சரியாக அந்த இடத்தில் என் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று.

ஜூலை 10

தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் ஒரு கட்டி. எடுத்துச் சோதித்தால்தான் என்னவென்று தெரியுமாம். அதுவரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. வீடு வரும் வழியெல்லாம் கூட வந்த என் வீட்டுக்காரர், இவரும் வாயைத் திறக்கவில்லை. பேச முடிந்தவராவது ஏதாவது பேசியிருக்கலாம்.

ஜூலை 11

பயமா இருக்கு.

ஜூலை 15

வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கட்டியைத்தான் நினைக்கிறேன். பள்ளிக்கே போனேன். பாடத்தைக் கரும்பலகையில் எழுதிச் சமாளித்தேன். நூலக வேளையில் கதைப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒருத்தியும் தொடவில்லை. அவ்வளவுதானா இவர்கள்?

ஜூலை 17

ஓயாமல் பேசுவதால் வகுப்பே ‘ரேடியோ’ என்று கூப்பிடும் பெண் எழுந்து வந்தாள். “அந்த ஆளு செத்துட்டானா டீச்சர்? தலையையாவது ஆட்டுங்க.”

நான் ஆட்டவில்லை. புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். முறைத்தாள். பிறகு நின்றபடியே வாசிக்க ஆரம்பித்தாள். தட்டுத் தடுமாறி, ‘நங்கூரம்’ என்ற சொல்லில் தடுக்கி விழுந்தாள். பின்பெஞ்சில் ஒருத்தி சிரித்தாள். “சிரிச்ச இல்ல, வந்து நீ படி” என்று புத்தகம் அவள் கைக்குப் போனது. மணி அடித்தபோது மூன்றாவது பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு மருத்துவர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

ஜூலை 22

கட்டியை எடுத்துவிட்டார்கள். முடிவு வர ஒரு வாரமாம். மருந்து வாடை. தூக்கமில்லை.

ஜூலை 26

கணக்கு ஆசிரியர் பார்க்க வந்தார். நூலக வேளைக்கு அவரைத்தான் அனுப்பினார்களாம். கணக்குப் போடலாம் என்றதற்கு, கதை பாதியில் நிற்கிறது என்று வகுப்பே மல்லுக்கு நின்றதாம். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

“விஷயம் தெரியுமா? சமையக்காரன் பொழச்சிட்டான்” என்றார், ஏதோ பக்கத்து வீட்டுச் செய்தி போல. சத்தமில்லாமல் சிரித்ததில் தொண்டைப் புண் வலித்தது. நூலக வேளை தனக்கு வேண்டாம் என்று தலைமை ஆசிரியையிடம் அவரே சொல்லிவிட்டாராம்.

ஜூலை 29

ஒன்றுமில்லை. வெறும் சதை வளர்ச்சி. மருத்துவமனை வராந்தாவிலேயே இவர் அழுதுவிட்டார். நான் ஆறுதல் சொல்லக்கூட முடியாமல் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 14

பேசலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது, யாரோ அக்காவின் குரல் போல. அடுத்து என்ன வாசிக்கலாம் என்று யோசித்து, ஒரு புதுப் புத்தகத்தோடு வகுப்பில் நுழைந்தேன். பெஞ்சுக்கு ஒரு புத்தகம், இரண்டு மூன்று தலைகள் அதன்மேல். வணக்கம் சொன்னேன்.

ரேடியோ நிமிராமலே கையைக் காட்டினாள். “கொஞ்சம் இருங்க டீச்சர், இந்தப் பக்கம் முடியட்டும்.”

கடைசி பெஞ்சில் இடம் இருந்தது. போய் உட்கார்ந்தேன்.